ஒரு சீர் குறைந்த பாட்டு

மராத்தி பேசும் ஆகுர்டியில் எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்கு எடுக்கும் மண்டபத்து மைக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பேசினாலும் முதல் வார்த்தையை விழுங்கிவிடும். அன்றைக்கு ராஜேஸ்வரி "அனைவருக்கும் வணக்கம்" என்றார். எங்களுக்குக் கேட்டது வணக்கம் மட்டும்தான்.

இரண்டு மூன்று பொங்கலுக்கு முன்னால் நடந்தது இது. மேடை ஓரத்தில் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். இலக்கியக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. ராஜேஸ்வரியின் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதிலிருந்த நாலு வரியை அவர் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்கிற மாதிரி வாசித்தார். ஒரு பிழை இல்லை. கூட்டம் கைதட்டியது.

இரண்டாவது வரிசையில் என் மனைவி செண்பகத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புடவை கட்டிய மராத்தி அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சுமன்பாய். ராஜேஸ்வரியோடு ஒரே மேசையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவர். அவரும் கைதட்டினார். சற்று முன்னால் குழந்தைகள் கோலாட்டம் ஆடியபோது எப்படித் தட்டினாரோ அப்படியே தட்டினார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஆட்கள் மேடையேறிக்கொண்டிருந்த இடைவெளியில் அவர் பக்கத்துப் படி வழியாக என்னிடம் வந்தார். தலையில் ராஜேஸ்வரி வைத்துவிட்ட மல்லிகை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மாஜீ ஓவீ கதீ?"

என் ஓவி எப்போது என்று கேட்டார். ஓவி என்பது மராத்திப் பெண்கள் திரிகையில் மாவரைக்கும்போது பாடும் பாட்டு.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். ஓவி என்று எதுவும் இல்லை. "ராஜேஸ்வரியின் கவிதை இப்போதுதானே முடிந்தது, நீங்களும் கேட்டீர்களே" என்று என் மராத்தியில் சொன்னேன்.

அவர் சிரித்தார். நான் அறியாமல் பேசுகிறேன் என்று மன்னித்த சிரிப்பு அது.

"அது ஓவி இல்லையே, ஸாஹேப். அதில் கல் சுற்றவில்லை. ராஜி எனக்காக ஓவி கட்டியிருக்கிறாள். என் பெயர் அதில் வரும் என்று சொன்னாள். நாளைக் காலை எனக்கு நாக்பூர் ரயில். இனி மகள் வீட்டோடுதான். இதைக் கேட்கத்தான் மூட்டை கட்டுவதைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன்."

ராஜேஸ்வரி வாசித்த அந்த நாலு வரியை எழுதியவன் நான்.

கேஜ் பிடித்த கை

இந்த இடத்தில் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நான் போட்ட சண்டையைப் படித்தவர்களுக்கு என் சுபாவம் ஓரளவு தெரிந்திருக்கும்.

எனக்கு யாப்பு தெரியும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கவிதையில் எனக்குப் பிடிக்காதது உண்டு, புரியாததும் உண்டு. ஆனால் ஒரு வெண்பாவை நீட்டினால், அது வெண்பாவா இல்லையா என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன்.

முப்பது வருஷம் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. கையில் எப்போதும் துளை அளக்கும் கேஜ் ஒன்று இருக்கும். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் சிவப்பு டப்பாவில் போடு. அதில் கெஞ்சலுக்கும் சிபாரிசுக்கும் இடமில்லை.

வெண்பாவிலும் எனக்குப் பிடித்தது அதுதான். நேர், நிரை என்று இரண்டே அசை. 'வா' என்றால் நேர், 'வரும்' என்றால் நிரை. இரண்டு அசை சேர்ந்து நேரில் முடிந்தால் அந்தச் சீருக்கு மாச்சீர் என்று பெயர். மாச்சீருக்குப் பின் நிரைதான் வர வேண்டும். நேர் வந்தால் தளை தட்டும். நாலு அடியில் முதல் மூன்றுக்கும் நாலு நாலு சீர். கடைசி அடி மட்டும் குட்டை, அதற்கு மூன்றே சீர். அந்த மூன்றாவது சீர் ஓரசையோடு நின்றால்கூடப் போதும். இந்த வாரக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் தாராளம்.

வீடு இருந்த ஔந்திலிருந்து ஆகுர்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது வழியில் தெரியும் கடைப் பலகைகளை எல்லாம் நேர், நிரை என்று பிரித்துக்கொண்டே போவேன். ஜன்னல் சீட்டுச் சண்டைக்கே இதுதான் காரணம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று காற்றுக்காக என்று சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டிலும் இதே பைத்தியம்தான். ஒரு நாள் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுச் செண்பகம் குளிக்கப் போனாள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். நான் ஏதோ ஒரு பாட்டை நேர், நிரை பிரித்து அலகிட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, தீய்ந்த வாடை கூடம் வரை வந்தது. ஈரத் தலையோடு ஓடி வந்தவள் கத்தினாள்.

"பாலை அடுப்புல மறந்துட்டுப் பாட்டென்ன வேண்டிக் கெடக்கு?"

என் காது விடைத்தது. "ஏட்டி, ஒரு எடத்துலதான் தளை தட்டுது. 'பாலை அடுப்பில் மறந்துவிட்டுப் பாட்டென்ன'ன்னு மாத்திப் பாரு. அச்சு அசல் வெண்பா அடி!"

அவள் இடுக்கியை என் பக்கத்தில் வீசினாள். நல்லவேளை, குறி தப்பியது.

அடுத்தவர் வயிற்றெரிச்சலில் சொன்ன சொல்லைக்கூடத் திருத்திக் கையில் கொடுக்கிற வியாதி எனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

காதுக்குத் தடை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சங்கத்தின் இலக்கியக் குழுவை என் தலையில் கட்டினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டேன். வந்ததும் இரண்டு காரியம் செய்தேன்.

முதலாவது, ஒரு படிவம் அச்சடித்தேன். அதில் மூன்று கட்டம். வடிவம், யாப்பு, மெய்ப்பாடு. வந்த பாட்டு என்ன வகை, அளவு சரியா, அதிலுள்ள உணர்ச்சி என்ன. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படிவம், கீழே என் கையெழுத்து. கம்பெனியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு ஒட்டுவோமே, அதே ஏற்பாடு.

இரண்டாவது, பாட்டைக் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை என்று சட்டம் போட்டேன். குரல் நன்றாக இருந்தால் குப்பையும் இனிக்கும். அதனால் எல்லாரும் எழுதித்தான் தர வேண்டும். பாடிக் காட்ட வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தேன்.

இங்கே வளர்ந்தவர்களுக்கு இந்தச் சட்டம் கஷ்டம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், கோபம் வந்தால் இந்தியில் திட்டுவார்கள், கடையில் மராத்தியில் பேரம் பேசுவார்கள். தமிழில் எழுதச் சொன்னால் பேனா நகராது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சட்டத்தைத் தளர்த்தவில்லை.

ராஜேஸ்வரி இங்கேயே பிறந்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். ஆகுர்டியில் வண்டிகளுக்கு வயர்க் கட்டு தயாரிக்கும் சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை. பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவரிடமிருந்து என் வாட்ஸப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. திறக்காமலே போன் போட்டேன்.

"பாட்டாப் பாடி அனுப்பக் கூடாதும்மா. எழுதி அனுப்புங்க."

"சார், இது பாடினாத்தான் சார் நல்லா இருக்கும். எழுதினா இன்னாத்துக்கு ஆவும்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"டீக் ஹை, சரி சார். பொண்ணு வரட்டும், கேட்டுகினு எழுதி அனுப்பறேன். ஆனா சார், ப்ளீஸ், இதை மட்டும் எடுத்துக்கோங்க. எங்க சுமன்பாய் வர்றாங்க கேக்கறதுக்கு. அப்புறம் ஊரை விட்டே போயிடறாங்க."

ஊரை விட்டுப் போகிறவருக்கு ஒரு வாழ்த்து என்று நான் புரிந்துகொண்டேன். வாழ்த்து என்றால் வெண்பாதான் லட்சணம் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

வந்த தாள்

ஒரு வாரம் கழித்துத் தாள் வந்தது. பாதி எழுத்து அவருடையது, பாதி மகளுடையது.

செவப்பு வயரை நான் எடுப்பேன்
கறுப்பு வயரைக் கூடத் தொடுப்பேன்
பச்சை வயரைச் சுத்தி முடிப்பேன்
இந்தா, சுமன்பாய்.

பக்கத்து ஸ்டூலு காலி ஆகும்
பலகை மட்டும் நகந்து போகும்
தள்ளின கைதான் சும்மா நோகும்
இந்தா, சுமன்பாய்.

நாலு அடி. கடைசி அடி குட்டை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வெண்பாவுக்கு முயன்றிருக்கிறார் என்று நினைத்தேன். வேறு எந்த வடிவமும் என் புத்தியில் தட்டவில்லை. குட்டையான கடைசி அடி என்றால் எனக்கு வெண்பாதான்.

படிவத்தை எடுத்தேன். வடிவம் என்ற கட்டத்தில் 'வெண்பா முயற்சி' என்று எழுதினேன். யாப்பு என்ற கட்டம்தான் சிவப்பு மையால் நிரம்பி வழிந்தது. முதல் அடியின் நடுவில் 'நான்' என்று ஓரசை தனியாக நிற்கிறது. எதுகை இல்லை. அடியின் கடைசியில் மட்டும் எடுப்பேன், தொடுப்பேன், முடிப்பேன் என்று ஓசை ஒத்து வருகிறது. முதல் பாட்டில் மூன்று அடியிலும் 'வயரை' என்ற மாச்சீருக்குப் பின் நேர் வந்து தளை தட்டுகிறது. கடைசி அடியில் இரண்டே சீர். 'ஒரு சீர் குறைவு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மெய்ப்பாடு என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்தேன். முதல் பாட்டில் உவகை. இரண்டாம் பாட்டில் அழுகை. ஆனால் இரண்டுக்கும் ஒரே கடைசி அடி. 'கலப்பு, தெளிவில்லை' என்று எழுதினேன்.

சிவப்பு டப்பாவில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் அவ்வளவு கேட்டிருக்கிறாரே என்று எனக்கு இரக்கம் வந்தது. சில சமயம் கோபத்தைவிட என் இரக்கம்தான் அதிகச் சேதம் செய்கிறது. உட்கார்ந்து பழுது பார்த்தேன். வயர் என்பது வேற்றுமொழிச் சொல், அதைக் கம்பி ஆக்கினேன். 'இந்தா'வும் சுமன்பாய் என்ற பெயரும் வாழ்த்துக்கு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றன, இரண்டையும் எடுத்தேன். இரண்டு பாட்டை ஒன்றாக்கினேன்.

செங்கம்பி யோடு கருங்கம்பி சேர்த்தெடுத்தே
எங்கள் விரலால் இணைத்திருந்தோம் - பங்கமின்றி
நட்பென்னும் நூலால் நமையிணைத்தாய் நீயெங்கும்
பெட்புடனே வாழ்க பெரிது.

அலகிட்டுப் பாருங்கள். ஓர் இடத்திலும் தட்டாது. 'பங்கமின்றி' என்ற தனிச்சொல்லுக்காக ஒரு மாலைப் பொழுது செலவழித்தேன். அது கிடைத்தபோது கையைத் தட்டிக்கொண்டேன்.

ராஜேஸ்வரிக்கு அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் எழுத்தில் வந்தது: 'ரொம்ப நல்லா இருக்கு சார். தேங்க்ஸ்.' நானும் நம்பிவிட்டேன். ஆண்டு மலரிலும் அதையே அவர் பெயரில் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரே இடத்தில் மூன்று முறை

இனி மண்டபத்துக்குத் திரும்பலாம்.

சுமன்பாயை உட்காரச் சொல்லிவிட்டு நான் பின்கட்டுக்குப் போனேன். அங்கே பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் இறக்கியிருந்தார்கள். நெய்யும் ஏலக்காயும் மணத்தது. ராஜேஸ்வரி இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அழுது முகம் கழுவிய கண்.

"அவங்க ஓவி எங்கேன்னு கேக்காங்கம்மா" என்றேன்.

துணி நின்றது. "நான் சொல்லிக்கறேன் சார். படிச்சிட்டேன், அதான் அதுன்னு சொல்லிக்கறேன்."

"நீங்க எழுதினது ஓவியா?"

"ஆமா சார். கம்பெனியில அவங்க பாடிகினே இருப்பாங்க. அவங்க அம்மா மாவு அரைக்க சொல்ல பாடினதாம். எங்க மேஜை மேல ஒரு நீட்டுப் பலகை இருக்கும் சார். மூணு வயரை அதுல சுத்தி, டேப்பு போட்டு, அடுத்த ஆளுக்குத் தள்ளணும். அடுத்த ஆளு அவங்க. மூணு லைன் பாட, கை வேலை முடிஞ்சுரும். நாலாவது குட்டி லைன்ல பலகையைத் தள்ளிடுவேன். அவ்ளோதான் சார்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க படிச்சவங்க சார். நீங்க தப்புன்னு போட்டா தப்பாத்தான் இருக்கும்னு நெனைச்சேன்."

நான் வராந்தாவுக்கு வந்தேன். ஒரு மாதமாகத் திறக்காத அந்தக் குரல் பதிவைத் தேடி எடுத்துக் காதில் வைத்தேன்.

முதலில் குக்கர் விசில். அப்புறம் அவர் குரல். சுமாரான குரல்தான். செவப்பு வயரை என்று கொஞ்சம் இழுத்து, ஒரு நொடி நின்று, நான் எடுப்பேன் என்று முடித்தார். கறுப்பு வயரை, மறுபடி ஒரு நொடி. பச்சை வயரை, மறுபடி. அந்த நொடிகளில் வயரை வளைக்கும் கை எனக்குத் தெரிந்தது. நான் தளை தட்டுகிறது என்று சிவப்பு மையால் குறித்த இடம் மூன்றும் அவைதான்.

கம்பெனியில் புதுப் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒரு பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் ஆளைப் பார். ஒரே இடத்தில் மூன்று முறை வந்தால் ஆளைத் திட்டாதே, வரைபடத்தைப் போய்ப் பார், அது அப்படித்தான் வரையப்பட்டிருக்கும். முப்பது வருஷம் இதைச் சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் பார்க்க மறந்தேன். தப்பான கேஜை வைத்து நல்ல சாமானைத் தள்ளிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என்மேல் கோபமும் வந்தது.

குட்டை அடி வந்தது. "இந்தா, சுமன்பாய்." அடுத்து மரத்தில் மரம் உரசும் சத்தம். அடுக்களையில் சப்பாத்திப் பலகையைத் தள்ளியிருக்கிறார்.

மெய்ப்பாட்டுக் கட்டத்திலும் நான் தப்பு செய்திருந்தேன். இரண்டு பாட்டுக்கும் ஒரே கடைசி அடி என்பதால் தெளிவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? முதல் பாட்டில் 'இந்தா' என்று தள்ளும்போது வாங்க ஆள் இருக்கிறது. இரண்டாவதில் ஸ்டூல் காலி. ஆள் இல்லை என்று தெரிந்தும் கை தள்ளுகிறது, வாய் 'இந்தா' என்கிறது. ஓர் எழுத்துகூட மாற்றாமல் உவகையை அழுகையாக்கியிருக்கிறார் அந்த அம்மாள். எத்தனையோ வெண்பா எழுதியிருக்கிறேன். இதை என்னால் செய்ய முடிந்ததில்லை.

இதையும் நான் தெம்பாகவே சொல்கிறேன். யாப்பு தெரிந்தவன் என்பதால்தான் அது எவ்வளவு நல்ல பாட்டு என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மறுபடி மேடை

பின்கட்டுக்குத் திரும்பிப் போனேன். "வாங்க, மேடைக்குப் போகலாம்" என்றேன்.

"வேணாம் சார். ஒரு தடவை படிச்சாச்சு. ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

"உங்களுக்கு இன்னாத்துக்கு சார் கஷ்டம்?"

"அவங்களுக்கு நாளைக் காலைல ரயிலும்மா."

அவர் இலையைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சார், அந்த நாலாவது லைனை மட்டும் நீங்க எடுத்திருக்கக் கூடாது. அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழே அதான். இருபத்திரண்டு வருஷமா எங்கிட்ட கேட்ட ஒரே தமிழ் வார்த்தை 'இந்தா'. அப்புறம் அவங்க பேரு. மத்த மூணு லைனும் புரியலைன்னாலும் பரவால்ல. அது போதும்னுதான் கட்டினேன்."

வாழ்த்துக்கு ஒட்டாது என்று நான் எடுத்தெறிந்தது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான்.

மேடையில் பாட்டுப் போட்டிக்குக் குழந்தைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களை நகர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தேன். மைக் முதல் வார்த்தையை விழுங்கும் என்பதால் "தப்பு" என்று இரண்டு முறை சொன்னேன். ராஜேஸ்வரி பெயரில் சற்று முன் வாசிக்கப்பட்டது என் பாட்டு, ஆண்டு மலரில் இருப்பதும் என் பாட்டு, அவருடையதை நான் கெடுத்துவிட்டேன், இப்போது அவர் தன் பாட்டைப் பாடுவார் என்று தமிழில் சொன்னேன். பிறகு இரண்டாவது வரிசையைப் பார்த்து மராத்தியில் சொன்னேன்.

"சுமன்பாய், உங்கள் ஓவி."

ராஜேஸ்வரி தாள் இல்லாமல் நின்றார். மைக் 'செவப்பு' என்பதை விழுங்கிவிட்டது. இரண்டாவது அடியில் அவர் கை தானாக அசைய ஆரம்பித்தது, வயரை எடுத்து வளைக்கிற மாதிரி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் அந்தப் பக்கம் முறைத்தேன்.

இரண்டாவது வரிசையில் சுமன்பாயின் தலை நிமிர்ந்தது. புரியாத பாஷையில் இரண்டு அடி முடிவதற்குள்ளேயே அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். மடியில் வைத்திருந்த ஆண்டு மலர் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. செண்பகம் குனிந்து எடுத்தாள்.

பச்சை வயரைச் சுத்தி முடிப்பேன். ராஜேஸ்வரியின் கை மைக்குக்கு முன்னால் காற்றில் பலகையைத் தள்ளியது.

"இந்தா, சுமன்பாய்."

"தே" என்றார் சுமன்பாய்.

மராத்தியில் கொடு என்று அர்த்தம். யோசித்துச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷம் பலகை வந்தபோதெல்லாம் சொன்ன பழக்கம், வாயிலிருந்து விழுந்துவிட்டது. கை நீண்டிருந்தது. ராஜேஸ்வரி சிரித்தார். பிறகு இரண்டாவது பாட்டுக்குப் போனார். பக்கத்து ஸ்டூலு காலி ஆகும் என்ற இடத்தில் மண்டபத்தில் குழந்தைகள்கூட அடங்கிவிட்டார்கள். ஆகுர்டிக்காரர்கள் பாதிப்பேர் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

தள்ளின கைதான் சும்மா நோகும்.

"இந்தா, சுமன்பாய்."

இந்த முறை சுமன்பாயால் உடனே சொல்ல முடியவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். செண்பகம் அவர் தோளைப் பிடித்திருந்தாள். ராஜேஸ்வரியின் நீட்டிய கை நீட்டியபடி காத்திருந்தது. பலகை இடையில் எங்கேயோ நின்றுவிட்ட மாதிரி எல்லாரும் காத்திருந்தோம்.

"தே" என்றார், கடைசியில்.

என் சட்டைப்பையில் அந்தப் படிவம் இருந்தது. கடைசி அடியில் ஒரு சீர் குறைவு என்று நான் சிவப்பு மையில் எழுதிய சீர் அதுதான். பாட்டில் அது குறையவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பழக்கம் போகுமா? நின்ற இடத்திலேயே விரல் மடக்கிப் பார்த்தேன். இந்தா, சுமன்பாய், தே. மூன்று சீர். மாச்சீருக்குப் பின் நேர் வந்து தளை தட்டியது.

தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.